நீலத்துக்குக் கொஞ்சம் இருட்டு

கம்பி மத்தாப்பில் இரண்டு ரகம் வாங்கிக்கொள்ளுங்கள். பெட்டியின் மேல் 'எலக்ட்ரிக்' என்று போட்டது ஒன்று, 'கலர்' என்று போட்டது ஒன்று. இரண்டையும் ஒரே விளக்கில் பற்றவைத்து, கைக்கு ஒன்றாகப் பிடித்துப் பாருங்கள். எலக்ட்ரிக் கம்பி சரசரவென்று வெள்ளையும் பொன்னுமாகப் பொறி உதிர்க்கும். ஒவ்வொரு பொறியும் போகிற வழியிலேயே இரண்டு மூன்றாகக் கிளைத்து அணையும். ஆனால் நிறம் என்று சொல்ல அதில் ஒன்றும் இருக்காது. கலர் கம்பியில் பொறி குறைவு, புகை அதிகம். நுனியில் சிவப்பாகவோ பச்சையாகவோ ஒரு பிழம்பு அவசரமே இல்லாமல் கீழிறங்கும். இரண்டும் ஒரே கம்பியில் வேண்டும், பொறியும் கொட்ட வேண்டும், நிறமும் அழுத்தமாக இருக்க வேண்டும் என்று கேட்டால் தயாரிப்பவர் தலையைச் சொறிவார்.

கஞ்சத்தனத்தால் அல்ல. பொறிக்குச் சூடு வேண்டும், நிறத்துக்குச் சூடு அடங்க வேண்டும். வானத்தில் ஆயிரம் அடி உயரத்தில் விரிகிற பூவுக்கும் இதே பஞ்சாயத்துதான். நிறத்தையும் வித்தையையும் சேர்த்து ஒரு வாணவேடிக்கையை அமைப்பவர், முதல் குண்டிலிருந்து கடைசிக் குண்டு வரை இந்தப் பஞ்சாயத்தைத்தான் தீர்த்துக்கொண்டிருக்கிறார்.

பட்டாசிலிருந்து வரும் வெளிச்சம் இரண்டு வகை. முதல் வகை, சூடான திடப்பொருளின் ஒளிர்வு. கொல்லன் உலையில் இரும்பு முதலில் மங்கிய சிவப்பாகி, பிறகு ஆரஞ்சாகி, மஞ்சளாகி, கடைசியில் வெளுக்கிறதே, அதேதான். கரித்தூள் அவ்வளவாகச் சூடேறாது. அதனால் அதன் பொறி செம்பொன் நிறம். இரும்புத்தூள் அதைவிடச் சூடு, ஆகவே பளிச்சென்ற பொன். இரும்புக்குள் இருக்கும் சிறிதளவு கரி வாயுவாக வெடித்து வெளியேறுவதால்தான் பொறி கிளைக்கிறது. டைட்டானியமும் அலுமினியமும் வெள்ளி நிறத்துக்குப் போய்விடும். எரிகிற அலுமினியம் 3000 டிகிரி செல்சியஸ் பக்கம் நெருங்கும். இந்த வரிசையில் எங்கே தேடினாலும் பச்சை கிடைக்காது, நல்ல நீலமும் கிடைக்காது. சூடான திடப்பொருளுக்கு அந்த நிறங்கள் கைவராது.

இரண்டாம் வகை வெளிச்சம் வாயுவிலிருந்து வருகிறது. பிழம்புக்குள் ஆவியாகிய மூலக்கூறு, சூட்டை வாங்கிக்கொண்டு, தனக்கென்று உள்ள சில அலைநீளங்களில் மட்டும் திருப்பிக் கொடுக்கும். சிவப்பு, ஸ்ட்ரான்ஷியம் குளோரைடு மூலக்கூறின் வேலை; சுமார் 620 நானோமீட்டரிலிருந்து 680 வரை. பச்சைக்கு பேரியம் குளோரைடு, 505 முதல் 535 வரை. நீலத்துக்குத் தாமிரக் குளோரைடு, பெரும்பாலும் 460-க்குக் கீழே. மஞ்சளுக்கு மட்டும் மூலக்கூறு வேண்டாம், சோடியம் அணு தனியாளாக 589 நானோமீட்டரில் நின்று எரியும். கேஸ் அடுப்பில் குழம்பு பொங்கி வழியும்போது பிழம்பு மஞ்சளாவது அந்தச் சோடியத்தால்தான்.

இதில் ஒரு சூட்சுமம். பேரியம் குளோரைடு என்று மேலே சொன்னேனே, அது நாம் பாட்டிலில் வாங்கும் உப்பு அல்ல. பேரியம் அணு ஒன்று, குளோரின் அணு ஒன்று என ஒட்டிக்கொண்ட, சாதாரணச் சூட்டில் நிலைக்காத ஒரு ஜோடி. அதை யாரும் டப்பாவில் அடைத்து வைக்க முடியாது. எரிகிற அந்த நொடியில், பிழம்புக்குள்ளேயே உருவாகி, ஒளிர்ந்து, சிதைந்துவிட வேண்டும். அதற்கு பேரியம் நைட்ரேட் ஒரு பக்கம், குளோரினைக் கக்கும் பொருள் ஒரு பக்கம் என்று கலக்கிறார்கள். குளோரின் தருவதற்குப் பெரும்பாலும் பயன்படுவது நம் வீட்டுத் தண்ணீர்க் குழாய் செய்கிற அதே பி.வி.சி.யின் தூள்.

சோடியம் மட்டும் இந்தத் தொழிலுக்கு அழையா விருந்தாளி. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்தில் உப்பு என்றால் தோல் கெடாமல் வைக்கும் சரக்கு. உரித்த தோலில் அள்ளிப் பூசித்தான் தோல் மண்டிக்கு அனுப்புவார்கள். அந்த உப்பில் ஒரு சிட்டிகை நிறமருந்தில் விழுந்தால் போதும், சிவப்பு ஆரஞ்சாகும், பச்சை வெளிறிய மஞ்சளாகும், நீலம் காணாமலே போகும். சோடியத்தின் ஒளி அவ்வளவு வலுவானது, நம் கண்ணும் அந்த இடத்தில் அவ்வளவு கூர்மையானது. அதனால்தான் நிறமருந்தில் எங்கெல்லாம் முடியுமோ அங்கெல்லாம் சோடியம் உப்பை விலக்கிப் பொட்டாசியம் உப்பைச் சேர்க்கிறார்கள். தோல் பதனிடும் ஊர்களுக்குத் தெரிந்த இன்னொரு பெயரும் இங்கே எட்டிப்பார்க்கும். மெக்னீசியம் தூள் ஈரம்பட்டுக் கெடாமலிருக்க அதைப் பொட்டாசியம் டைகுரோமேட் கரைசலில் நனைத்தெடுக்கும் வழக்கம் வாணத் தொழிலில் உண்டு. குரோமேட் கழிவு என்னவெல்லாம் செய்யும் என்பதை ராணிப்பேட்டைக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இந்த நிறங்களெல்லாம் பழங்காலத்திலிருந்தே இருந்தன என்று ஒரு எண்ணம் பலருக்கு உண்டு. 1443-ல் விஜயநகரத்துக்கு வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக், மகாநவமி விழாவில் கண்ட வாணவேடிக்கையைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். புனேவைச் சேர்ந்த அறிஞர் பி.கே. கோடே இந்திய வாணங்களின் வரலாற்றை எழுதியபோது இதையெல்லாம் திரட்டினார். ஆனால் அந்தக் காலத்து வானம் பெரும்பாலும் பொன்னும் வெள்ளையும்தான். கந்தகமும் கரியும் வெடியுப்பும் சேர்ந்த கருமருந்தின் பிழம்பு, மூலக்கூறை இன்று நாம் பார்க்கும் அளவுக்கு நிறம் காட்ட வைக்காது. 1749 ஏப்ரலில் லண்டன் கிரீன் பார்க்கில் ஹாண்டெலின் இசையோடு நடந்த புகழ்பெற்ற வேடிக்கையும் அப்படியே. 1786 வாக்கில் பிரான்ஸில் பெர்தொல்லே பொட்டாசியம் குளோரேட்டைத் தயாரித்தார். ஆக்சிஜனையும் குளோரினையும் ஒரே கையால் கொடுக்கும் உப்பு அது. அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்குள் ஐரோப்பிய வானம் சிவந்தது, பச்சையானது.

அந்தக் குளோரேட் நம் பக்கத்துக்கு அந்நியமல்ல. குடியாத்தத்துக்குத் தீப்பெட்டித் தொழிலால் ஒரு பெயர் உண்டு. தீக்குச்சியின் தலையில் இருப்பது பொட்டாசியம் குளோரேட். அதையும் கந்தகத்தையும் சேர்த்தால் லேசான உராய்வுக்கே பொறுக்காமல் வெடிக்கும். அதனால் கந்தகமும் குளோரேட்டும் கலந்த வெடிமருந்தை 1992 ஜனவரியில் இந்திய அரசு தடை செய்தது. தீக்குச்சித் தலைக்கும், குழந்தைகள் துப்பாக்கியில் வைத்துச் சுடும் பொட்டு வெடிக்கும், ஆய்வகத்தில் கையாளும் சிறு அளவுக்கும் மட்டும் விலக்கு. குச்சியின் நுனியில் ஒரு கடுகளவு, அதுவும் ஈரமாகப் பிசைந்து தோய்ப்பது என்பதால் அங்கே சமாளிக்கலாம். ஒரு மருந்தறை நிறையக் கலந்து வைத்தால் என்னவாகும் என்பதற்கு உதாரணம் தேட வேண்டியதில்லை. கடையில் அடுக்கி வைத்த தயார்ச் சரக்கே எமனாகிறது. 2021 ஏப்ரலில் காட்பாடியை அடுத்த லத்தேரியில் ஒரு பட்டாசுக் கடை பற்றி எரிந்து மூன்று உயிர் போனது.

நிறத்தைச் சுமந்துகொண்டு மேலே போவது ஒரு சிறு உருண்டை. சிவகாசியில் இதற்கு மணி மருந்து என்று பெயர். பட்டாசு ஆலை விபத்துச் செய்திகளில் 'மணி மருந்து உராய்வு' என்று அடிக்கடி வாசித்திருப்பீர்கள். உலோக உப்பு, ஆக்சிஜன் தரும் பெர்குளோரேட், எரிபொருள், குளோரின் தரும் தூள், பசையாக டெக்ஸ்ட்ரின் எல்லாம் சேர்த்து, நனைத்து, உருட்டி, உலர்த்தினால் மணி. ஒரு குண்டுக்குள் இப்படிப் பல பத்து மணிகள் இருக்கும். நடுவில் அவற்றைச் சிதறடிக்கும் மருந்து. அடியில் தூக்கிவிடும் கருமருந்து. நான்கு அங்குலக் குண்டு ஒன்று குழாயிலிருந்து கிளம்பினால் மூன்று நான்கு நொடியில் சுமார் 120 மீட்டர் ஏறும். ஆறு அங்குலம் என்றால் 180 மீட்டர். ஏறி முடித்து ஒரு கணம் தயங்கும் இடத்தில் திரி உள்ளே போய்ச் சேர வேண்டும். முந்தினால் பூ மேல்நோக்கி நீளும், பிந்தினால் ஒரு பக்கம் தொங்கும்.

மணி வெளியிலிருந்து உள்ளே எரிந்துகொண்டு போகிறது. நொடிக்கு ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர். 12 மில்லிமீட்டர் விட்டமுள்ள மணிக்கு ஆயுள் இரண்டு நொடி. வெளியே மூன்று மில்லிமீட்டர் சிவப்பு, உள்ளே பச்சை என்று உருட்டினால் முதல் நொடி சிவப்பு, இரண்டாம் நொடி பச்சை. நிறம் மாறும் பூவின் ரகசியம் இவ்வளவுதான். ஆனால் எல்லா மணியும் ஒரே கணத்தில் மாறாவிட்டால் வானம் சொறி பிடித்ததுபோலாகும். ஜப்பானியர்கள் இரண்டு நிறத்துக்கும் நடுவே, ஏறத்தாழ ஒளியே தராத மெல்லிய அடுக்கு ஒன்றைப் பூசுகிறார்கள். ஒரு கண் இமைப்பு இருட்டு. அதற்குள் பிந்திய மணிகளும் வந்து சேர்ந்துவிடும். வாணக்கலையை அறிவியலாக எழுதி வைத்த தகேயோ ஷிமிசு இதையெல்லாம் விரிவாகப் பதிந்திருக்கிறார். இரண்டு நிறங்களைச் சேர்ப்பதற்கு நடுவில் இருட்டைச் செருக வேண்டும் என்பதை முதலில் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. வாணவேடிக்கையில் மற்ற எல்லாச் சேர்க்கைக்கும் அதுவே அடிப்படை என்று இப்போது தோன்றுகிறது.

இனி நீலத்துக்கு வருவோம். தாமிரக் குளோரைடு மூலக்கூறுக்குச் சூடு ஆகாது. 1200 டிகிரியைத் தாண்டினால் பெருமளவு சிதைந்துவிடும். நீலம் வெளுத்துப் பச்சைக்கும் சாம்பலுக்கும் நடுவில் எங்கோ போய்விடும். சூட்டைக் குறைத்தாலோ ஒளியே மங்கும். போதாக்குறைக்கு நம் கண்ணும் கைவிடுகிறது. 450 நானோமீட்டர் நீலத்தை, அதே ஆற்றலுள்ள 555 நானோமீட்டர் பச்சையோடு ஒப்பிட்டால், நமக்குத் தெரியும் பிரகாசம் இருபத்தைந்தில் ஒரு பங்குதான். ஆக, வேதியியலில் மங்கல், கண்ணிலும் மங்கல். நல்ல நீலம் வாணக்காரரின் கைத்திறனுக்கு உரைகல் என்று உலகெங்கும் சொல்வது இதனால்தான்.

இப்போது அந்த நீலத்துக்குப் பக்கத்தில் டைட்டானியம் வெள்ளையை வெடித்தால்? எல்லாம் போச்சு. வெள்ளை அணைந்த பிறகும் சில நொடிகளுக்குக் கண் கூசிப்போயிருக்கும். அந்த நேரத்தில் விரியும் நீலப் பூவை யாரும் பார்க்கப்போவதில்லை. காசு கரியானதுதான் மிச்சம். சிவப்பும் பச்சையும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். மருந்தில் மக்னாலியம் என்ற மெக்னீசிய-அலுமினியக் கலவையைச் சேர்த்து அவற்றின் பிழம்பைப் பிரகாசமாக்கலாம். அதிலும் கை நீளக் கூடாது. சேர்க்கச் சேர்க்க வெண்ணிறமாக ஒளிரும் ஆக்சைடுத் தூள் பெருகி, அழுத்தமான சிவப்பு ரோஸ் நிறமாக வெளுத்துவிடும்.

நிறங்களை எங்கே கலப்பது என்பதும் பலர் குழம்பும் இடம். ஊதா வேண்டுமென்றால் சிவப்பு மணியையும் நீல மணியையும் ஒரே குண்டில் போட்டால் போதாதா? போதாது. நம் கண்ணால் பிரித்தறிய முடிகிற கோணம் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. 300 மீட்டர் தொலைவில் அது வெறும் 9 சென்டிமீட்டர். அறுபது எழுபது மீட்டர் விரியும் பூவில் மணிகள் அதைவிட எவ்வளவோ விலகி நிற்கின்றன. ஆகவே சிவப்பு சிவப்பாகவும் நீலம் நீலமாகவும் தனித்தனியே தெரியும், ஊதா தெரியாது. ஊதாவுக்கு ஸ்ட்ரான்ஷியத்தையும் தாமிரத்தையும் ஒரே மணிக்குள், ஒரே பிழம்புக்குள் சேர்க்க வேண்டும். தாமிரம் இருப்பதால் அந்த மணிக்கும் நீலத்தின் கோழைத்தனம் பாதி வந்துவிடும். பேரியத்தோடு தாமிரம் சேர்ந்தால் மயில்கழுத்து நிறம். அதற்கும் அதே கதிதான்.

வெள்ளைக்கு நேர்மாறாக, எல்லா நிறத்தோடும் ஒத்துப்போவது பொன். கரித்தூளால் செய்த மணி மெதுவாக எரியும், ஐந்தாறு நொடி நின்று, தொங்குகிற விழுதுகளாக இறங்கும். வெளிச்சம் கண்ணை உறுத்தாது. நிறமணியின் ஆயுள் இரண்டு நொடிதான் என்று பார்த்தோம். எனவே நிறத்தோடு பொன்னைச் சேர்ப்பவர் முதலில் பொன் விழுதைச் சுடுவார். அது விரிந்து, தொங்கத் தொடங்கியதும், அதன் நடுவே சிவப்போ நீலமோ விரியும். இரண்டையும் ஒரே நேரத்தில் சுட்டால் நிறம் அணைந்த பிறகு பொன் மட்டும் அநாதையாக இறங்கிக்கொண்டிருக்கும். கால் நொடிக் கணக்கில் இதைச் சரியாகச் செய்யத்தான் பெரிய வேடிக்கைகளில் இப்போது கணினியைக் கொண்டு மின்திரி கொளுத்துகிறார்கள்.

மினுமினுத்து மினுமினுத்து எரியும் மணியும் இருக்கிறது. ஒரே கலவையில் இரண்டு எரிதல் மாறிமாறி நடக்கும். முதலில் ஒளியின்றிக் கனிந்து சூடு சேரும், ஒரு எல்லையைத் தாண்டியதும் பளிச்சென ஒரு வெட்டு, மறுபடி கனிதல். இதை நிறப் பூவோடு சேர்த்தால் இரண்டும் கெடும் என்பது என் அபிப்பிராயம். மினுக்கு ஒவ்வொன்றும் சின்ன வெள்ளை அறைதான். தனியாக, அமைதியான வானத்தில், கொஞ்ச நேரம் விட்டால் அழகு. படபடவென்று பொரியும் வகையும் அப்படியே. முன்பு அதில் ஈயம் இருந்தது. 2017 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஈயம், பாதரசம், ஆர்சனிக், ஆன்டிமனி, லித்தியம் ஐந்தையும் பட்டாசில் சேர்க்கக் கூடாது என்றது. ஈயத்தின் இடத்துக்கு உலகில் பல இடங்களில் பிஸ்மத் ஆக்சைடு வந்திருக்கிறது. லித்தியமும் ஒரு சிவப்புதான், ஆனால் ஸ்ட்ரான்ஷியம் இருக்கும்போது அதற்காக யாரும் அழவில்லை.

வைகாசி முதல் நாள் குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து அம்மன் சிரசு ஊர்வலமாகப் புறப்பட்டு, கோபாலபுரம் கெங்கையம்மன் கோயிலில் சண்டாளச்சி எனப்படும் உடலில் பொருத்தப்படும். வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை மாவட்டங்களோடு ஆந்திர எல்லையிலிருந்தும் கூட்டம் அலைமோதும். அன்றிரவு வாணவேடிக்கை உண்டு. மே மாதத்து வறண்ட இரவு, வாணத்துக்குத் தோதான இரவு. புகைத் துகள்கள் பெரும்பாலும் பொட்டாசியம் உப்புகள். காற்றில் ஈரம் இருந்தால் அவை தண்ணீரைக் குடித்துப் பருத்து, ஒளியைச் சிதறடிக்கும். வறண்ட காற்றில் புகை மெலிசாகவே கிடந்து கலையும். மெல்லிய புகை நீலத்தை அதிகம் சிதறடிக்கும், சிவப்பைக் குறைவாக. எனவே எந்த ஊரானாலும் வேடிக்கையின் முதல் சில நிமிடங்கள்தான் நீலத்துக்கு உரியவை. புகை மூட்டம் கட்டிய பிறகு சிவப்பும் பொன்னும் பிழைக்கும், நீலம் பிழைக்காது.

சிரசுத் திருவிழா சூரிய மாதக் கணக்கில் வருவதால் நிலா எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம். ஒரு வருடம் முழு நிலா, இன்னொரு வருடம் நிலாவே இல்லை. தீபாவளி அப்படியல்ல. ஐப்பசித் தேய்பிறைச் சதுர்த்தசியையொட்டி வருவதால் வானம் எப்போதும் கருப்புத்தான். நிறத்துக்கு இதைவிட நல்ல பின்னணி கிடையாது. அதே சமயம் அது வடகிழக்குப் பருவமழைக் காலம். அரக்கோணத்தில் தீபாவளிக்கு முந்தைய நாட்களில் மொட்டை மாடியில் முறத்தில் பட்டாசு காயாத வீடு குறைவு. இருட்டைக் கொடுத்த பஞ்சாங்கமே ஈரத்தையும் கொடுத்துவிடுகிறது. சிவகாசியில் இந்தத் தொழில் வேரூன்றியதற்கு அந்த மண்ணின் வறட்சி ஒரு காரணம். அங்கே உலர்ந்த மணி, இங்கே வந்து நமத்துப்போகிறது.

சத்தத்தையும் சொல்லியாக வேண்டும், அதுவும் சேர்க்கையில் ஒரு பங்காளி. நம் ஊர்ச் சூட்டில் ஒலி நொடிக்கு 350 மீட்டர் போகும். 700 மீட்டர் தள்ளி நின்று பார்ப்பவருக்கு வெடிச்சத்தம் இரண்டு நொடி தாமதம். நிறமணியின் முழு ஆயுளும் முடிந்து, அடுத்த பூ விரியும்போது முந்தையதன் சத்தம் காதில் விழும். பக்கத்தில் இருப்பவருக்கு இசைவாக இருக்கும் வேடிக்கை, தூரத்து மாடிக்காரருக்குக் குழம்பிப்போவது இதனால்தான். திருச்சூர் பூரத்தில் பாறமேக்காவும் திருவம்பாடியும் போட்டி போட்டு நடத்தும் வெடிக்கட்டில் சத்தமே முதலாளி, நிறம் இரண்டாம்பட்சம். கூட்டம் பக்கத்தில் நிற்கிறது, அங்கே அது சரி.

நம் வானத்தின் நிறப் பட்டியலில் கடந்த சில ஆண்டுகளாக ஓர் ஓட்டை இருக்கிறது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளுக்குத் தடை விதித்தது. 2021-ல் அதை மீண்டும் வலியுறுத்தியது. கட்டுப்பாட்டோடு பேரியம் சேர்க்க அனுமதி கேட்ட தயாரிப்பாளர்களின் மனுவை 2023 செப்டம்பரில் நிராகரித்தது. பேரியம் போனால் பச்சை போகும், அது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது, எலக்ட்ரிக் கம்பியிலும் புஸ்வாணத்திலும் ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டிருந்ததும் பேரியம் நைட்ரேட்தான் என்பது. ஆகவே ஒரு நிறத்தை மட்டும் எடுத்ததாக அது நிற்கவில்லை, தொழிலின் அடிமானத்தையே அசைத்துவிட்டது. தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனமான நீரி வகுத்துக் கொடுத்த பசுமைப் பட்டாசுக் கலவைகள் இந்த இடத்தை நிரப்ப வந்தவை. பச்சை ஒளிக்கு பேரியம் ஒன்றே கதியல்ல. போரான் சேர்மங்களும் பச்சையாக எரியும். அமெரிக்க ராணுவ ஆய்வாளர்கள் போரான் கார்பைடை வைத்துப் பச்சை ஒளி மருந்து செய்து காட்டியிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பச்சை சற்று வெளிறியது. பேரியத்தின் பச்சையைப் பார்த்துப் பழகிய கண் அதை ஏற்கச் சிறிது காலம் ஆகும். தடை சரியா என்று கேட்டால், பேரியம் கலந்த புகையை மூச்சாக இழுக்கும் பிள்ளைகள் பக்கம்தான் நான் நிற்பேன். பச்சை இல்லாவிட்டாலும் சிவப்பையும் பொன்னையும் நீலத்தையும் வைத்துக்கொண்டு நல்ல வேடிக்கை அமைக்கலாம்.

தெருவில் வெடிப்பவருக்கு இதில் என்ன இருக்கிறது? நிறையவே இருக்கிறது. முதலில், சரக்கை ஊரிலேயே வாங்குங்கள். சென்னைத் தீவுத்திடலில் மலிவு என்று மின்சார ரயிலில் பையைத் தூக்கிக்கொண்டு வந்தால் ரயில்வே சட்டத்தின் 164-ஆம் பிரிவு காத்திருக்கிறது, மூன்றாண்டு வரை சிறை. தமிழ்நாட்டில் 2018 முதல் தீபாவளிக்கு மாலையில் கிடைத்துவரும் நேரம் ஏழிலிருந்து எட்டு. அந்த ஒரு மணி நேரத்தில் ஊரே வெடிப்பதால் ஏழே காலுக்கெல்லாம் தெரு புகையில் மூழ்கிவிடும். நம் வழக்கமோ, பையன்கள் முதலில் அணுகுண்டைக் கொளுத்தி, அடுத்து எலக்ட்ரிக் கம்பியைச் சுழற்றி, கண்ணையும் காற்றையும் கெடுத்துக்கொண்டு, கடைசியில் 'கிராண்ட் ஃபினாலே' என்று விலையுயர்ந்த கலர் ஷாட்டை வைப்பது. தலைகீழ். நீலமும் ஊதாவும் உள்ள ஷாட்டை ஏழு மணிக்கே, தெரு விளக்குக்கு எதிர்ப்புறம் வைத்துக் கொளுத்துங்கள். பிறகு சிவப்பு. பிறகு பொன்னாக இறங்கும் வகை. வெள்ளிப் பொறி, பொரிவது, மினுக்குவது எல்லாம் அதற்கப்புறம். அணுகுண்டு எட்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது. ஒவ்வொன்றுக்கும் நடுவே அரை நிமிடம் சும்மா இருங்கள். பக்கத்து வீட்டுக்காரர் சும்மா இருக்கப்போவதில்லை என்பது தெரிந்ததே.

120 ஷாட், 240 ஷாட் பெட்டிகளில் இந்த வரிசை உங்கள் கையில் இல்லை. வரிசையாக நிற்கும் அட்டைக் குழாய்களை ஒரே திரி கோர்த்துக்கொண்டு போகிறது. எந்தக் குழாயில் எந்த நிற மணி என்பது சிவகாசியிலேயே முடிவாகிவிட்டது. உங்களால் ஆகக்கூடியது, பெட்டி சாயாமல் பார்த்துக்கொள்வது. ஒவ்வொரு குழாயும் சுடும்போது பெட்டி பின்னுக்கு உதைபடும். பாதி காலியான பெட்டி இலேசாகிவிடுவதால் சாய்வது பெரும்பாலும் கடைசிப் பாதியில்தான். சமதரையில் வைத்து, நாலு பக்கமும் இரண்டிரண்டு செங்கல் அண்டக்கொடுங்கள். திரியைக் கொளுத்தும்போது முகம் பெட்டிக்கு நேர் மேலே இருக்கக் கூடாது. நின்றுபோன பெட்டியை எட்டிப் பார்க்கவும் கூடாது. ஒரு வாளித் தண்ணீரை அதன் தலையில் ஊற்றிவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.